முடவாட்டுக்கால் விதை

"பதினோரு வருசமாச்சு தாயி. இன்னும் ஒரு வித்துகூட என் காதுல விழல."

தெய்வசிகாமணி நின்றபடியேதான் சொன்னார். உட்கார்ந்தால் எழுந்திருக்க இன்னொரு ஆள் வேண்டும். முட்டி அந்த நிலைமையில் இருந்தது.

பாவாயி தரையில் உட்கார்ந்து கிழங்கு சுரண்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இன்னைக்கு மூணு மணி பஸ்ஸுக்குக் கெளம்பறேன். மக வரச் சொல்லிட்டா. முட்டி ரெண்டையும் ஆஸ்பத்திரியில காட்டோணுமாம். எறங்குனா மறுக்கா இந்த மலை ஏற என்னால ஆவாது. அதான் வாய் விட்டே கேக்கறேன். வெறுங்காதோட அனுப்பிராதீங்க."

பாவாயி கத்தியில் ஒட்டியிருந்த மயிரை ஊதிவிட்டாள். ஆட்டுக் கணுக்கால்போல அந்தக் கிழங்கு முழுக்கப் பழுப்பு மயிர்.

"மணி என்னங்ணா இருக்கும்?"

"ஒம்போது."

"அப்ப நேரங் கெடக்குது" என்றாள்.

*

அவருக்கு அறுபத்தெட்டு வயது. அவளுக்கு ஐம்பது தாண்டியிருக்காது. குருவைவிடச் சீடன் பதினெட்டு வயது மூத்தவர். அவள் அவரை அண்ணா என்பாள், அவர் அவளைத் தாயி என்பார். கேட்கிற மலைக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு போவார்கள்.

மலை ஏறுவதற்கு முன்னால் தெய்வசிகாமணி ராசிபுரத்தில் பஸ் கழுவுகிற வேலையில் இருந்தார். முப்பத்து நான்கு வருசம். எந்தெந்த ஊருக்கோ போய்விட்டு வந்த பஸ்கள், எந்தெந்த ஊர்ப் புழுதியோ. எல்லாவற்றையும் துடைத்தார். அந்த ஊர்களில் ஒன்றுக்கும் அவர் போனதில்லை.

வேலை முடிந்த வருசமே வீட்டுக்காரியும் போய்ச் சேர்ந்தாள். அதற்கப்புறம் அவருக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சம் இருந்தது. வித்தெழுத்து வாங்க வேண்டும்.

குரு குனிந்து சீடன் காதில் போடுகிற ஒற்றைச் சொல், அதுதான் வித்தெழுத்து. காது வழியாக உள்ளே இறங்கி, விழுந்த இடத்தில் முளைத்து, ஆளையே வேறு ஆளாக்கிவிடுமாம். கேள்விப்பட்டதுதான். ஆனால் கேள்விப்பட்ட நாளிலிருந்து மனசு அதைவிட்டு நகரவில்லை.

முதலில் ஒருவரிடம் போனார். நேரம் வரட்டும், நேரம் வரட்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர் ஒரு வெள்ளிக்கிழமை கண்ணை மூடிவிட்டார்.

இரண்டாவது ஆள் சொல்லைக் கொடுத்தார். ஆனால் மைக்கில் கொடுத்தார். எண்ணூறு பேர் காதில் ஒரே நேரத்தில் விழுந்தது. இவர் ஒரு மாசம் காத்திருந்து பார்த்தார். ஒன்றும் முளைக்கவில்லை.

அப்போதுதான் யாரோ பாவாயியைப் பற்றிச் சொன்னார்கள். கொல்லிமலையில் கம்பளிச்சாமி என்று ஒருவர் இருந்தாராம். யாரிடமும் பேசமாட்டாராம். சாகும்போது தனக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பெண்ணைக் கிட்டக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னாராம். அந்தப் பெண் இன்னும் அங்கேதான் இருக்கிறாளாம்.

ஏறி வந்துவிட்டார்.

*

வந்த அன்றைக்கு அவள் காலில் விழுந்தார். பாவாயி இரண்டு அடி பின்னால் போய்விட்டாள்.

நீங்க விழுந்தா நானும் விழோணும், வயசுல மூத்தவரு, எனக்கு இடுப்புப் பிடிப்பு வேற, குனிய வராதுங்ணா என்றாள்.

சரி, ஒரு வேலையாவது கொடுங்கள் என்றார்.

அவள் குடிசைக்கு முன்னால் இருந்த பாறையைக் காட்டினாள். இரண்டு ஆள் உயரம். அதில் நாலைந்து முடவாட்டுக்கால் செடிகள் தொற்றிக்கொண்டிருந்தன. அந்தச் செடியின் கிழங்கைத்தான் மலையில் முட்டிவலிக்குச் சூப்பு வைத்துக் குடிப்பார்கள்.

"இதைப் பாத்துக்கங்க."

"என்ன பண்ணோணும்?"

"பாருங்க."

அவ்வளவுதான் சொன்னாள்.

அவரும் பார்த்தார். முதல் நாள் பார்த்தார், இரண்டாம் நாள் பார்த்தார். முப்பத்து நான்கு வருசம் துடைத்த கை எத்தனை நாளைக்குச் சும்மா தொங்கும்?

மூன்றாம் நாள் ஓர் இலையைத் திருப்பினார். அடிப்பக்கம் பூராவும் பழுப்புப் பழுப்பாகப் புள்ளி. நகத்தால் தொட்டுப் பார்த்தார், சொரசொரவென்று இருந்தது. இன்னொரு இலையைத் திருப்பினார். அதிலும் அதேதான்.

அடப் பாவமே, செடிக்குச் சொறி பிடித்திருக்கிறது என்று நினைத்தார்.

தோளில் கிடந்த துண்டை நனைத்தார். ஓர் இலை விடாமல் துடைத்தார். துண்டெல்லாம் பழுப்பாகிவிட்டது. குடிசைக்குப் பின்னால் துவைகல் இருந்தது. அதில் போட்டு அலசித் தண்ணீரைப் பாறை விளிம்புக்கு அந்தப் பக்கம் ஊற்றினார்.

பாவாயி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்குப் பிடித்த வேலை அது. ஒவ்வொரு வருசமும் மழை முடிந்தால் சொறி வரும். இவர் துடைப்பார். அடுத்த வருசம் மறுபடியும் வரும். மறுபடியும் துடைப்பார். முட்டி நன்றாக இருந்த காலத்தில் மேலே ஏறித் துடைத்தார். அப்புறம் முக்காலி போட்டுத் துடைத்தார். இப்போது கை எட்டுகிற வரைக்கும்தான்.

வாரம் ஒரு தடவை பேச்சுவாக்கில் கேட்பார். தாயி, அந்த வித்து என்றால் பாவாயி அடுப்பைப் பார்ப்பாள். உலை கொதிக்குது என்பாள். இல்லாவிட்டால் கறிவேப்பிலை ஒரு கொத்து ஒடித்து வாங்க என்பாள்.

கறிவேப்பிலை ஒடித்து ஒடித்தே பதினோரு வருசம் போய்விட்டது.

*

நேற்று மகள் தவமணி கூப்பிட்டாள். குடிசைக்கு மேலே ஒரு மேட்டில் நின்றால்தான் போனில் பேச்சுக் கேட்கும். அந்த மேட்டுக்கு ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்றுவிட்டார்.

தவமணி கோபப்படவில்லை, கெஞ்சவும் இல்லை. அவளும் ஓய்ந்துபோயிருந்தாள். இதைச் சொன்னாள், அதைச் சொன்னாள். வீட்டுக்குப் பின்னால் குளிக்கிற இடத்துச் சுவர் ஈரம் காய்வதே இல்லை, எத்தனை தடவை சுண்ணாம்பு அடித்தாலும் உரிந்து விழுகிறது, அந்தப் பக்கம் போகவே பிடிக்கவில்லை என்றாள். நான் வந்து தொடச்சு விடறேன் கண்ணு என்றார் இவர்.

அப்பா, நீங்க போன காரியம் ஆச்சா இல்லியா என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. ராத்திரி பூராவும் இல்லை. காலையில் எழுந்து இரண்டு வேட்டியை மஞ்சப்பையில் திணித்தபோதும் இல்லை.

அதனால்தான் இப்போது நின்றுகொண்டிருக்கிறார்.

*

பாவாயி கிழங்கை முறத்தில் போட்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வித்துப் போடோணும்னா மொதல்ல கையில வித்து இருக்கோணுமில்லீங்ணா?"

"உங்ககிட்ட இல்லாததா?"

"ஒண்ணு பண்ணுங்க. அந்தப் பாறையில இருக்குற முடவாட்டுக்கால்ல ஒரே ஒரு வெதை எடுத்துட்டு வாங்க. அதைக் கையில வெச்சுக்கிட்டு, நீங்க கேக்கறதைப் போடறேன்."

தெய்வசிகாமணிக்கு முட்டிவலி ஒரு கணம் மறந்துபோயிற்று. பதினோரு வருசத்தில் முதல் தடவையாக முடிவு உள்ள ஒரு வேலை சொல்லியிருக்கிறாள். போ, எடு, வா. அவ்வளவுதான்.

ஒண்ணு போதுமா என்று கேட்டார்.

ஒண்ணு போதும் என்றாள்.

*

பாறைக்குப் போனார்.

மேல் இலை ஒவ்வொன்றும் முழ நீளம், மான்கொம்புபோலப் பிரிந்து பச்சையாக நின்றது. அதில் பூ இல்லை. மொட்டும் இல்லை, காய் இருந்து உதிர்ந்த தடமும் இல்லை.

அடியில் இருக்கும் இலை வேறு மாதிரி. காய்ந்து பழுத்து, பாறையை ஒரு கை அள்ளிப் பிடித்ததுபோல இருக்கும். அதற்குள் குப்பையும் மண்ணும் சேர்ந்து கிடக்கும். விரலைவிட்டுத் துழாவினார். பல்லி முட்டை ஓடு இரண்டு கிடைத்தது. யாரோ சூப்புக் குடித்துவிட்டு எறிந்த காகிதக் கப் கிடைத்தது.

அப்புறம் விரலில் வழவழவென்று ஏதோ தட்டியது. எடுத்தார். கறுப்பு, கெட்டி, பளபளப்பு.

வேட்டியில் துடைத்தார்.

வெளிச்சத்தில் பார்த்தார். புளியங்கொட்டை. குரங்கு போட்டது.

இதையே கொண்டு போய் நீட்டினால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. எந்த வித்தாக இருந்தால் என்ன, காதில் சொல் விழுந்தால் போதாதா? இரண்டு அடி நடக்கவும் நடந்தார். அப்புறம் வெட்கமாகிவிட்டது. அறுபத்தெட்டு வயதில் புளியங்கொட்டையை வைத்து ஏமாற்றப் போகிறோமே என்று அதைத் தூரமாக எறிந்தார்.

மறுபடியும் இலை இலையாகத் திருப்பினார். பத்து நாளாக விடாத மழை, முந்தாநாள்தான் விட்டிருந்தது. இந்தத் தடவை இவர் இன்னும் துடைக்கவில்லை. ஒவ்வோர் இலைக்கு அடியிலும் சொறி அப்பிக் கிடந்தது.

கை தானாகத் துண்டை எடுத்தது.

விதை தேட வந்தவர் துடைக்க ஆரம்பித்துவிட்டார். போகிற நாளில் எதற்கு இது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. எட்டுகிற இலை எல்லாவற்றையும் துடைத்தார். துண்டு ஒரு பக்கம் முழுக்கப் பழுப்பாகிவிட்டது. தோளில் போட்டுக்கொண்டார்.

*

சடையன் கீழேயிருந்து சாக்கு மூட்டையோடு ஏறி வந்தான். மலையில் கிழங்கு வெட்டுகிறவன். நாற்பத்தைந்து வயதிருக்கும். வாயில் எப்போதும் ஏதாவது குசும்பு இருக்கும்.

என்னங்க பெரியவரே, பாறைக்குத் தலை சீவி விடறீங்களா என்றான்.

தெய்வசிகாமணி விசயத்தைச் சொன்னார். சடையன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தான். சிரித்து முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் சிரித்தான்.

"முடவாட்டுக்காலுக்கு வெதையா? எங்கப்பன் பாக்கல, அவிங்கப்பன் பாக்கல. அது பூக்கவும் பூக்காது, காய்க்கவும் காய்க்காது. அந்தம்மா உங்களை நல்லாத்தான் வெச்சுச் செய்யுது."

அவர் முகத்தைப் பார்த்துச் சடையன் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். என்ன இருந்தாலும் ஊருக்குப் போகிற மனிதர்.

பேச்சை மாற்றினான். முன்னெல்லாம் ஒரு மூட்டை கிழங்குக்கு அரை நாள் நடந்து அந்தக் கோடிப் பாறைக்குப் போவேன், இப்ப நாலஞ்சு வருசமா இங்க கீழயே கெடைக்குது, வேணுங்கிற மட்டும் வெட்டறேன், பாவாயம்மாளுக்கும் தினம் ரெண்டு கொண்டாந்து போடறேன் என்றான். தாடையைத் தூக்கிக் குடிசைக்குப் பின்பக்கம் காட்டினான்.

தெய்வசிகாமணி காதில் அது சரியாக ஏறவில்லை. பூக்கவும் பூக்காது, காய்க்கவும் காய்க்காது என்பதிலேயே நின்றுகொண்டிருந்தார்.

*

திரும்பி வந்தபோது அடுப்பில் சூப்புக் கொதித்துக்கொண்டிருந்தது. மிளகும் சீரகமும் மணத்தது.

"இல்ல தாயி."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பூவே இல்லாத செடிக்கு வெதை எங்கிருந்து வரும்?"

"அப்ப இல்லீங்கறீங்க."

"இல்ல."

பாவாயி கரண்டியால் கிளறினாள்.

"எங்கிட்டயும் இல்லீங்ணா."

தெய்வசிகாமணி உட்கார்ந்துவிட்டார். யார் தூக்கி விடுவார்கள் என்றெல்லாம் நினைக்கவில்லை. சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார். வெயில் முட்டியில் விழுந்தது.

கோபம்கூட வரவில்லை அவருக்கு. கோபத்துக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

"பஸ் கழுவற வேலை கேவலம்னு நெனச்சுத்தான் இங்க வந்தேன். ஆனா அதுல ஒண்ணு இருந்துச்சு தாயி. கழுவி முடிச்சா பஸ் கெளம்பிப் போவும். கண்ணால பாக்கலாம். இங்க பதினோரு வருசத்துல எங்கிட்டயிருந்து எது கெளம்பிப் போச்சு?"

பாவாயி அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள்.

"கம்பளிச்சாமி உங்க காதுல சொன்னது நெசந்தானே?"

"நெசந்தான்."

"அதையே எங்கிட்டச் சொல்லுங்க. புதுசா ஒண்ணும் வேண்டாம்."

"சொன்னா வருத்தப்படுவீங்க."

"இதுக்கு மேல என்ன வருத்தம்?"

பாவாயி கரண்டியை வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"கஞ்சியில உப்புக் கம்மின்னாரு."

தெய்வசிகாமணி அவளையே பார்த்தார். அவள் விளையாடவில்லை.

அவர் சொன்னது அதுதான், அப்புறம் மூச்சு நின்றுவிட்டது, ஊரார் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டார்கள், நான் இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்து விட்டுவிட்டேன் என்றாள் பாவாயி. அன்றிலிருந்து இதுவரை ஒருத்தருக்கும் ருசி பார்க்காமல் நான் எதையும் ஊற்றியதில்லை, அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது என்றாள்.

சூப்பு மட்டும் கொதித்தது.

அப்போது அவர் சொன்னார், அவளுக்காகச் சொன்னதுபோலவும் இல்லை:

"சரி. போகுது. ஒண்ணுமில்லாட்டியும், உங்க செடிக்குச் சொறி பிடிக்காமப் பாத்துக்கிட்டேன். இங்க இருந்து நான் செஞ்சது அது ஒண்ணுதான்."

பாவாயியின் கை நின்றது.

"என்ன பிடிக்காம?"

"சொறி. எலைக்கு அடியில வருமில்ல, பழுப்பா. வருசா வருசம் தொடச்சு எடுத்தேனே. நீங்களும் பாத்துட்டுத்தானே இருந்தீங்க."

"சொறி" என்றாள் பாவாயி.

"ஆமா."

அவள் தோள் குலுங்கியது. முதலில் இருமுகிறாள் என்றுதான் நினைத்தார். அப்புறம் பார்த்தால் சிரிப்பு. சத்தமே இல்லாமல், கண்ணில் தண்ணீர் வரும் மட்டும் சிரித்தாள். இந்தப் பதினோரு வருசத்தில் அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சிரிப்புப் போய் முகத்தில் வேறு ஏதோ வந்திருந்தது.

"நீங்க தெரிஞ்சுதான் பண்றீங்கன்னு நெனச்சேன்."

"எதை?"

"பஸ் கழுவுன மனுசனுக்கு இது எப்படித் தெரிஞ்சுதுன்னு வந்த மூணாம் நாளே அசந்து போனேன். பாருங்கன்னுதான் சொன்னேன். அதுக்குள்ள கண்டுபிடிச்சுட்டாரேன்னு. நீங்க ஒவ்வொரு வாட்டி வித்து வித்துன்னு கேக்கறப்பவும், இந்த மனுசன் என்னைச் சோதிச்சுப் பாக்குறாருன்னே இருந்தேன். கையில வெச்சுக்கிட்டுக் கேக்கறவருக்கு நான் என்னத்தைச் சொல்றது? உலை கொதிக்குதுன்னேன்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பாவாயி எழுந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பாறைக்குப் போனாள். அவர் கைக்கு எட்டாத உயரத்தில் துடைக்காமல் விட்டிருந்த இலை ஒன்றைக் கொக்கியால் இழுத்து ஒடித்தாள். கொண்டு வந்தாள்.

"கையை விரிங்க."

விரித்தார்.

இலையை உள்ளங்கைக்கு மேலே பிடித்து விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

தூள் விழுந்தது. மஞ்சப்பொடியைவிட நைசு. உள்ளங்கை ரேகைக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. கிட்டே கொண்டு போய்ப் பார்த்தார், மூச்சுக்காற்றுப் பட்டதும் பாதியைக் காணோம்.

"பூ வெக்காததுக்கு வெதை ஏதுங்ணா" என்றாள் பாவாயி. "அதுக்கு இதுதான்."

*

தெய்வசிகாமணி கையை மூடவும் இல்லை, உதறவும் இல்லை.

பதினோரு மழை. ஒவ்வொரு மழைக்கும் அப்புறம் இலை இலையாக, முக்காலி போட்டு, எட்டாததை எட்டி.

"அத்தனையும் தொடச்சுட்டேனே தாயி."

பாவாயி இலையைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு விடாமத் தொடச்சேனே. பாவி நான், ஒரு வம்சத்தையே."

கையில் இருந்த தூள்மேல் கண்ணீர் விழுந்துவிடக்கூடாது என்று கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

பாவாயி சூப்பைக் கரண்டியில் எடுத்து ஊதி, ருசி பார்த்தாள். இரண்டு கல் உப்புப் போட்டாள். டம்ளரில் ஊற்றி அவர் பக்கத்தில் வைத்தாள்.

"தொடச்ச துண்டை எங்கங்ணா அலசுவீங்க?"

"பொறவால. கல்லுல."

"அலசுன தண்ணி?"

"அந்தப் பக்கம் ஊத்திருவேன்."

"அந்தப் பக்கம் எட்டிப் பாத்திருக்கீங்களா?"

"முட்டியை வெச்சுக்கிட்டு அங்க எங்க தாயி எட்டிப் பாக்கறது?"

பாவாயி அவர் தோளைப் பார்த்தாள். துண்டு பழுப்பாகக் கிடந்தது.

"இன்னைக்கும் தொடச்சிருக்கீங்க. சூப்பைக் குடிச்சுட்டுப் போயி அலசிட்டு வாங்க. பஸ் வர நேரங் கெடக்குது."

அவர் எழுந்திருக்கக் கை கொடுத்தாள்.

*

துவைகல் பாறை விளிம்பில் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் இரண்டு பனை உயரத்துக்குச் செங்குத்தான இறக்கம். வந்த புதிதில் ஒரே ஒரு தடவை கீழேயிருந்து அந்த இறக்கத்தைப் பார்த்திருக்கிறார். ஒரு புல் கிடையாது. யானை முதுகுபோலக் கறுப்பாக வெறும் பாறை. அதற்கப்புறம் அவர் அந்தப் பக்கம் போனதில்லை. துண்டை அலசுவார், தண்ணீரை ஊற்றுவார், திரும்பிவிடுவார்.

இன்றைக்குக் கல்லைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மண்டி போட்டார். வலி உச்சந்தலை வரைக்கும் போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு விளிம்புக்கு மேலே தலையை நீட்டினார்.

பாறையைக் காணோம்.

இலை. முழ நீளத்தில், சாண் நீளத்தில், விரல் நீளத்தில். ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஒன்றின் இடுக்கில் ஒன்று நுழைந்து, கீழே மூங்கில் தொடங்குகிற வரைக்கும் இலை. துவைகல்லிலிருந்து தண்ணீர் வடிகிற தாரையில் கூடுதல் அடர்த்தி. அங்கங்கே சடையன் கிழங்கு வெட்டி எடுத்த தழும்பு இருந்தது. அந்தத் தழும்பிலும் நகம் அளவுக்குப் பச்சைப் பச்சையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. இலைகூட இல்லை அது, வெறும் பச்சைச் செதில். அதற்குள்ளிருந்து சுருட்டிய பூரான்போல ஒன்று தலை நீட்டிக்கொண்டிருந்தது.

நாக்கில் சூப்பின் மிளகுக் காரம் இன்னும் இருந்தது. தினம் காலையிலும் சாயங்காலமும் குடித்தது.

இந்தக் கிழங்கு எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளும் அவர் கேட்டதில்லை.

காற்று ஒரு தடவை அடித்தது. அத்தனை இலையும் புரண்டு அடிப்பக்கத்தைக் காட்டின.

எல்லாவற்றிலும் சொறி.

எவ்வளவு நேரம் அப்படியே மண்டி போட்டிருந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. கீழே எங்கோ கொண்டை ஊசி வளைவில் மூணு மணி பஸ் ஆரன் அடித்தது. இன்னும் நாலைந்து வளைவு ஏறி வந்து, திரும்பிப் புறப்பட வேண்டும்.

தோளிலிருந்து துண்டை எடுத்தார். கல்லோரத் தொட்டியில் தண்ணீர் நிறைந்திருந்தது.

துண்டைத் தண்ணீருக்கு மேலே கொஞ்ச நேரம் பிடித்தபடி இருந்தார். மகள் சொன்ன ஈரம் காயாத சுவர் ஞாபகத்துக்கு வந்தது.

*

பாவாயி மஞ்சப்பையோடு வழியில் நின்றாள். சுரண்டி வைத்த கிழங்கு இரண்டை உள்ளே போட்டிருந்தாள்.

தெய்வசிகாமணி கல்லையும் மரத்தையும் பிடித்துப் பிடித்து வந்தார். துண்டை நாலாக மடித்திருந்தார், பழுப்பு இருக்கிற பக்கம் உள்ளே இருக்கும்படி. அதைப் பையில் வேட்டிகளுக்கு நடுவில், பச்சைக்குழந்தையைப் படுக்க வைக்கிறதுபோல வைத்தார்.

பாவாயி பார்த்தாள்.

"அலசலீங்களாண்ணா?"

"இல்ல தாயி" என்றார். "மக வீட்டுல போயி அலசிக்கறேன்."